பழைய கார் வாங்குகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. சும்மா வந்த பொருளுக்குக் குறை சொல்லக் கூடாது என்பது அதன் பொருள்.

அந்தப் பழமொழிக்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் மாடு என்றால், பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும்!

சந்தைக்குப் போகும் விவசாயி இதை மறப்பதே இல்லை. மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டதா என்று எண்ணுவார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். கறவை மாடு என்றால், கறந்து பார்க்காமல் அச்சாரம் கொடுக்க மாட்டார். மாட்டை விற்கிறவரும் இதற்காகக் கோபித்துக்கொள்வது இல்லை. சந்தையில் அதுதான் முறை.

அதே விவசாயியின் மகன் இன்று பட்டணத்தில் வேலை பார்க்கிறார். பழைய கார் ஒன்று வாங்கப் போகிறார். மாட்டின் விலையைப் போல் பல மடங்கு விலை. அவர் எப்படிப் பார்க்கிறார்?

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். கதவைத் திறந்து மூடுகிறார். ஏ.சி. குளிர்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறார். தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்புகிறார். "வண்டி ஜோராக இருக்கிறது" என்கிறார். முன்பணத்தை எடுத்து நீட்டுகிறார்!

அப்பாவுக்கு இருந்த எச்சரிக்கை மகனுக்கு இல்லாமல் போனது ஏன்?

கேட்க ஏன் கூச்சம்?

காரணம் அறியாமை மட்டும் அல்ல. கூச்சம்தான் பெரிய காரணம்.

தனி நபரிடம் பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களிடம்தான் வாங்குகிறார்கள். ஆபீசில் கூட வேலை பார்ப்பவர், பக்கத்துத் தெருக்காரர், மைத்துனரின் நண்பர். "நான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டால், "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அவர் வருந்துவாரோ என்ற பயம்.

அந்தக் கூச்சத்துக்காகக் குடும்பம் கொடுக்கும் விலை என்ன?

பழைய கார் வாங்கும் பணம் லேசில் வந்தது அல்ல. சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம். மனைவியின் நகையை அடகு வைத்த பணமாக இருக்கலாம். ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்றதில் மிஞ்சிய பணமாக இருக்கலாம். மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார், இரண்டாவது மாதமே என்ஜின் வேலைக்குப் பட்டறையில் ஏறினால், அந்த வீட்டில் அந்த ஆண்டு பள்ளிக்கூடச் சம்பளம் எப்படிக் கட்டுவது?

பணத்தோடு போனாலும் பரவாயில்லை. அந்த வண்டியில்தான் வயதான தாயாரும் பிள்ளைகளும் ஏறப் போகிறார்கள். பிரேக்கு பிடிக்காத வண்டிக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் தெரியாது.

கடைசியில் சினேகமும் முறிகிறது. "தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டார்" என்று வாங்கியவர் சொல்வார். "நான் கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்று விற்றவர் சொல்வார். முதல் நாள் அரை மணி நேரம் கூச்சத்தை விட்டிருந்தால், இந்தப் பகை வந்திருக்காது.

சட்டம் காப்பாற்றுமா?

"ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாமே!" என்று சிலர் நினைக்கலாம். போகலாம். ஆனால் சட்டமும் முதலில் வாங்கியவரைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறது.

இந்தியாவில் பொருள்களை விற்பது பற்றி 1930-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் என்று அதற்குப் பெயர். விற்ற பொருள் தரமாக இருக்கும், இன்ன வேலைக்கு உதவும் என்ற உறுதிமொழி தானாகவே வந்துவிடாது என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றில் முக்கியமானவை, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு உரியவை. தம் சொந்தக் காரை விற்கும் ஆசிரியரோ, வங்கி ஊழியரோ கார் வியாபாரி அல்ல.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொய்யான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று அதன் 19-வது பிரிவு கூறுகிறது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. விற்றவர் தெரியாமல் தவறாகச் சொல்லியிருக்கலாம். அல்லது குறையைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். அப்போது, வாங்கியவர் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமா என்ற கேள்வி வருகிறது. தெரிந்திருக்கும் என்றால், ரத்து செய்யும் உரிமை இல்லை.

பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதவருக்குச் சட்டம் அவ்வளவாக உதவாது என்பதே இதன் சுருக்கம்.

அமெரிக்காவின் எலுமிச்சம்பழம்

பழைய கார் ஒருவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறது என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அது உண்மை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். இவர் 1970-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை அது. வாங்கிய பிறகு தொல்லை கொடுக்கும் மோசமான காரை அமெரிக்கர்கள் "எலுமிச்சம்பழம்" என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லையே கட்டுரையின் தலைப்பிலும் வைத்தார். முதலில் சில பத்திரிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. பின்னால், 2001-ம் ஆண்டில், அவருக்கும் வேறு இரண்டு அறிஞர்களுக்கும் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் சொன்னது மிக எளிது. காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எந்தக் காருக்கும் பயந்து பயந்து விலை கேட்கிறார். நல்ல கார் வைத்திருப்பவர், "இந்த விலைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். மோசமான கார் வைத்திருப்பவர் மட்டும் சந்தையில் நிற்கிறார். கடைசியில் நல்ல காரே சந்தைக்கு வராமல் போகிறது.

ஆகவே, பரிசோதனை என்பது வாங்குகிறவருக்கு மட்டும் லாபம் அல்ல. தம் காரை மகனைப் போல் வைத்திருந்த யோக்கியருக்கும் லாபம். "இது நல்ல கார்" என்று அவர் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்றாவது மனிதர் ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். நல்ல விலையும் கிடைக்கும்.

யாரை அழைத்துப் போவது?

பரிசோதனை செய்கிறவர் யாருடைய ஆள் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

விற்கிறவர், "என் மெக்கானிக்கே பார்த்துச் சொல்வார்" என்றால், அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளலாம். நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. தரகர் அழைத்து வரும் மெக்கானிக்கும் அப்படித்தான். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்கு கமிஷன். முடியாவிட்டால் ஒன்றும் இல்லை. அவருடைய கண் குறையைத் தேடுமா, கமிஷனைத் தேடுமா?

வாங்குகிறவர் தாமே ஒரு மெக்கானிக்கை அமர்த்த வேண்டும். அந்தக் கம்பெனி வண்டியில் பல ஆண்டு வேலை செய்து பழகியவராக இருந்தால் நல்லது. கூலியை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "இந்தக் கார் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்கள் கூலி உங்களுக்கு உண்டு" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் மனம் சாயாமல் பார்ப்பார். கார்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பதையே தொழிலாக நடத்தும் நிறுவனங்களும் பெரிய நகரங்களில் இருக்கின்றன. எப்படியானாலும் செலவு பெரும்பாலும் ஒரு புது டயரின் விலைக்குள் அடங்கிவிடும்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். "பிரேக்கு தேய்ந்திருக்கிறது, முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், கிளட்சு ஆறு மாதம் தாங்கும்" என்று நாலு வரி போதும். அந்தத் தாள்தான் பேரத்துக்குத் துணை.

முதலில் காகிதம்

காரைப் பார்க்கும் முன் அதன் காகிதங்களைப் பார்க்க வேண்டும். காகிதம் சரி இல்லை என்றால், மெக்கானிக்குக் கூலியும் மிச்சம்.

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் இருக்கும் பெயரும், விற்கிறவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "வண்டி என் அப்பா பெயரில் இருக்கிறது; அவர் காலமாகிவிட்டார்" என்று ஒருவர் சொன்னால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அதற்கென்றே 31-ம் எண் படிவம் இருக்கிறது. மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கின்றன. வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு அவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் சுரண்டியதோ, புதிதாக வெல்டு வைத்ததோ தெரிந்தால், அங்கேயே கைகூப்பி விடைபெறலாம். அது திருட்டு வண்டியாகக்கூட இருக்கலாம்.

கடன் இருக்கிறதா என்பதும் ஆர்.சி.யில் தெரியும். வங்கியின் பெயர் அதில் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச் சொல் போதாது. வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றும், 35-ம் எண் படிவமும் வேண்டும்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவு செய்த தேதி, எரிபொருள், இன்சூரன்சு முடியும் நாள் முதலிய விவரங்கள் தெரியும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியில் கேஸ் பொருத்தியிருந்தால், அது ஆர்.சி.யில் பதிவாகி இருக்க வேண்டும். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு தகுதி பார்த்து 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 14 வயதுக் காரை வாங்குகிறவர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்சூரன்சு தாளிலும் ஒரு சாட்சி இருக்கிறது. விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்காமல் இருப்பவருக்கு "நோ கிளைம் போனஸ்" என்று கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. முதல் ஆண்டுக்கு 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். "வண்டி பத்து வருடமாக ஒரு கீறல் கூட வாங்கியதில்லை" என்கிறவரின் தாளில் போனஸ் பூஜ்யம் என்று இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். நியாயமான பதில் இருக்கலாம். ஆனால் கேள்வி அவசியம்.

பகலில் போங்கள், குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள்

கார் பார்க்கப் பகலில்தான் போக வேண்டும். மழை பெய்து வண்டி நனைந்திருந்தால் இன்னொரு நாள் போவது நல்லது. ஈரத்தில் எல்லா பெயிண்டும் பளபளப்பாகத்தான் தெரியும்.

"நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், யாரோ வண்டியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் நோயைச் சொல்லும். சூடான என்ஜின் பல நோய்களை மறைத்துவிடும்.

முதலில் உடம்பு. கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு கதவின் நிறம் மட்டும் சற்றே மாறித் தெரிகிறதா? மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாவிட்டால், அடியில் கனமாகப் பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் காந்தம் ஒட்டாது. அது குறை அல்ல. மட்கார்டு, பானெட்டு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால், அவற்றை ஒரு தடவை கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கார்கள் மூழ்கின. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. தண்ணீரில் நின்ற காரைக் கழுவி, உறை மாற்றி, வாசனை அடித்து விற்றுவிடலாம். ஆனால் சில இடங்கள் உண்மையைச் சொல்லிவிடும். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே இருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை வரும். வெள்ளத்தில் நின்ற கார் இன்று ஓடும். ஒயர்களில் ஏறிய துரு பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

பிறகு மீட்டர். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைக்கும் மோசடி பழையது. எண்களைக் காட்டும் புது மாதிரி மீட்டரிலும் அது நடக்கிறது. மீட்டர் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஆனால் பிரேக்கு பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழு என்று இருக்கிறது. ஸ்டியரிங் பளபளத்துக் கிடக்கிறது. எதை நம்புவது? கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற குறிப்பு அங்கே இருக்கும். அதை வாங்கித் தரும்படி விற்கிறவரைக் கேட்கலாம்.

டயரில் வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு எண் ஆண்டு. 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். "போன வருடம்தான் டயர் போட்டேன்" என்ற பேச்சை அந்த எண்ணோடு ஒத்துப் பார்க்கலாம்.

இனி என்ஜின். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் அடியில் பால் ஆடை போல் வெளுப்பாகப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். பெரிய செலவின் அறிகுறி அது. ரேடியேட்டர் மூடியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன், மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அவை அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் சந்தேகம் அதிகம். கோளாறு தெரியாமல் இருக்க அந்த விளக்கின் இணைப்பை யாரோ எடுத்திருக்கலாம். விபத்தில் உயிர் காக்கும் காற்றுப்பையின் விளக்கும் இதில் சேர்ந்தது.

புகையின் நிறமும் பேசும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. என்ஜின் சூடான பிறகும் கெட்டியாக வெள்ளைப் புகை வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும். காலைக் குளிரில் சிறிது நேரம் வரும் மெல்லிய ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.

தெருமுனை வரை ஓட்டினால் போதாது. அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். நல்ல சாலையிலும், குண்டும் குழியுமான சாலையிலும் ஓட்ட வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும்! பிரேக்கு போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? கியர் விழும்போது சத்தம் வருகிறதா? வேகம் கொடுத்தால் என்ஜின் மட்டும் அலறி வண்டி நகராமல் இருக்கிறதா? அப்படியானால் கிளட்சு முடிந்துவிட்டது.

கடைசியாக, பட்டறையில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். மின்னணுக் கருவியை மாட்டி, வண்டியின் நினைவில் பதிந்திருக்கும் கோளாறுகளையும் படிக்க வேண்டும். இந்த இரண்டும் வீட்டு வாசலில் நடக்காது. மெக்கானிக்கு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

குறை இருந்தால் வாங்கக் கூடாதா?

அப்படி இல்லை. குறையே இல்லாத பழைய கார் உலகத்தில் கிடையாது. எந்தக் குறை என்பதுதான் கேள்வி.

தேய்ந்த டயர், பலவீனமான பேட்டரி, பிரேக்கு கட்டை, வெளியே விழுந்த கீறல் ஆகியவை காசால் தீரும் குறைகள். மெக்கானிக்கு எழுதிய தாளை வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். அதில் இருவருக்கும் நியாயம் இருக்கிறது.

அடிச் சட்டம் வளைந்த வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, எண் பொருந்தாத வண்டி, மீட்டர் குறைத்த வண்டி ஆகியவை வேறு வகை. இவற்றை விலை குறைத்தும் வாங்கக் கூடாது. எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் அது லாபம் அல்ல.

"இன்னொருவர் சாயங்காலம் பணத்தோடு வருகிறார், இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கவே வேண்டாம். பரிசோதனைக்கு மறுக்கிறவரும் அப்படித்தான். அவர் மறுத்ததே பரிசோதனையின் முடிவு!

பெயர் மாற்றினால்தான் விற்பனை

பணம் கைமாறியதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. விற்கிறவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

விற்பனையைத் தெரிவிப்பது 29-ம் எண் படிவம். பெயர் மாற்றம் கேட்பது 30-ம் எண் படிவம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், 14 நாட்களுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு இவ்வாறு சொல்கிறது.

வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வாங்கியவர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் சுப்ரீம் கோர்ட்டின் 2018-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாற்றாமலே பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. காரை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு வண்டியோடு வாங்கியவருக்கு வந்துவிடும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது. அந்த இடைவெளியில் வண்டி மோதினால், செலவு சொந்தக் கையிலிருந்துதான்.

வண்டியை ஒப்படைக்கும்போது தேதியும் நேரமும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு டெலிவரி நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தை வங்கி மூலம் கொடுப்பது நல்லது. முன்பணம் கொடுத்தால், "பரிசோதனையில் திருப்தி இல்லை என்றால் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்.

விற்கிறவரே முதலில் சொல்லட்டும்!

ஒரு நல்ல பழக்கம் நம் ஊர்களில் வர வேண்டும். காரைப் பரிசோதிக்கலாமா என்று வாங்குகிறவர் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. "உங்கள் மெக்கானிக்கை அழைத்து வாருங்கள், எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்" என்று விற்கிறவரே முதலில் சொல்ல வேண்டும். தமக்குத் தெரிந்த குறைகளையும் அவரே சொல்லிவிட வேண்டும். சொன்னால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அடுத்த மாதம் தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியது இல்லை.

வீட்டுப் பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. நகை அவர்களுடையது; சேமிப்பு அவர்களுடையது; வண்டியில் ஏறும் குழந்தைகளும் அவர்களுடையவர்கள். "மெக்கானிக்கு பார்த்தாரா? அவர் எழுதிய தாள் எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பல குடும்பங்களின் பணம் தப்பும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது அவமரியாதை என்று யாரும் நினைப்பதில்லை. பார்த்து வாங்கிய மாட்டைப் பற்றிப் பிறகு சண்டையும் அதிகம் வருவதில்லை. கார் விற்பனையிலும் அந்த முறை வரட்டும். நம்பிக்கையைக் கெடுப்பது பரிசோதனை அல்ல. பரிசோதிக்காமல் வாங்கி, பின்னால் வரும் ஏமாற்றம்தான் நம்பிக்கையைக் கெடுக்கிறது.